விண்வெளிப் போர் விளையாட்டும் ஆடுவோர் வழக்கும்

சதுரங்கத்தில் ஒருவர் காயை நகர்த்தும்வரை மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு சிந்திக்கலாம். கணினித் திரையில் ஆடப்படும் போர் விளையாட்டுகளில் ஒரு வகைக்கு அந்த வாய்ப்பு இல்லை. இரு தரப்பாரும் ஒரே வேளையில் கனிமம் தோண்ட வேண்டும், கட்டடம் எழுப்ப வேண்டும், படை திரட்ட வேண்டும், பொருதவும் வேண்டும். நாம் தயங்கும் ஒவ்வொரு விநாடியும் பகைவனுக்கு ஆதாயம்.

இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது, அமெரிக்காவின் பிளிஸார்ட் நிறுவனம் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட ஸ்டார்கிராப்ட். தொலைதூர விண்மீன்களிடையே குடியேறிய மானிடரும், பூச்சிக் கூட்டம்போற் பெருகும் செர்க் என்னும் உயிரினமும், அறிவில் மூத்த புரோட்டோஸ் என்னும் இனமும் பொருதுவதே அதன் கதை. கதை கிடக்கட்டும். நேயர்களுக்கு இன்று நான் கூற விரும்புவது, அதனை ஆடுவோரிடையே நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு வழக்கைப் பற்றியதாகும்.

அவ்விளையாட்டில் ஒரே தடவையில் 12 வீரருக்கு மேல் தேர்ந்து கட்டளையிட முடியாது. நூறு பேர் கொண்ட படையை முன்னேற்ற வேண்டின் பகுதி பகுதியாகத்தான் ஏவ வேண்டும். புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு தொழிலாளியையும் சுரங்கத்துக்கு நாமே அனுப்பிவைக்க வேண்டும். மறந்தால் அவன் வாளா நிற்பான். டிராகூன் என்னும் நாற்கால் இயந்திரமோ போகச்சொன்ன வழியை விட்டு எங்கேனும் முட்டிக்கொண்டு நிற்கும். ஆடுவோர் இதனைக் குறையாகச் சொல்லும்போதே அதில் ஒரு வாஞ்சையும் தொனிக்கும்.

தென்கொரியாவில் இவ்விளையாட்டு மக்கள் விளையாட்டாகவே ஆயிற்று. கணினி நிலையங்கள் தெருவுக்குத் தெரு தோன்றின. தனித் தொலைக்காட்சி நிலையங்கள் போட்டிகளை ஒளிபரப்பின. 2004ஆம் ஆண்டில் பூசான் நகரத்துக் கடற்கரையில் நடந்த இறுதிப் போட்டிக்கு ஓரிலட்சம் பேர் திரண்டதாகச் சொல்லப்பட்டது.

2010ஆம் ஆண்டில் இரண்டாம் ஸ்டார்கிராப்ட் வந்தது. படை முழுவதையும் ஒரே கட்டளையில் நகர்த்தலாம். தொழிலாளர் தாமாகவே சுரங்கம் செல்வர். யாவரும் மகிழ்ந்திருப்பர் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அது வெளிவருமுன்பே சச்சரவு மூண்டுவிட்டது.

ஒரு சாரார் கூறியது இது: தளபதியின் திறமை அவனது சூழ்ச்சியில் இருக்கிறதேயன்றி விரலின் வேகத்தில் இல்லை. பகைவனோடு போரிட வந்தவனைக் கருவியோடு போரிட வைப்பது என்ன நியாயம்? மறு சாரார் விடை வேறு. கவனம் என்பதும் கனிமத்தைப் போல ஒரு செல்வமே. போர்முனையைப் பார்ப்பதா, வீட்டைப் பார்ப்பதா என்று கணந்தோறும் முடிவு செய்வதுதான் இவ்விளையாட்டின் உயிர் என்றனர். அந்தச் சுமையை நீக்கினால் வல்லவனுக்கும் புதியவனுக்குமுள்ள தூரம் சுருங்கிவிடும் என்பது அவர் அச்சம். முறைப்பாடு இன்னொன்றும் எழுந்தது. படை முழுவதும் ஒரே உருண்டையாகத் திரண்டு மோதுவதால், முன்னர் நெடுநேரம் நீடித்த சமர்கள் சில விநாடிகளில் முடிந்துபோயின.

உண்டாக்கியவர்களும் இதை உணராமலில்லை. செர்க் அரசியைக் கொண்டு குறித்த நேரங்களில் முட்டைப்புழுக்களைப் பெருக்குவது போன்ற புதிய வேலைகளைப் புகுத்தினர். பழையவர்கள் இதனைச் செயற்கையான சுமை என்று எள்ளினர். அவர்கள் எள்ளல் எனக்கு முற்றிலும் நேர்மையானதாகத் தோன்றவில்லை. 12 என்ற வரம்பு மட்டும் இயற்கையாய் முளைத்ததா என்ன? ஆயினும் 2017ஆம் ஆண்டில் முதல் விளையாட்டைப் புதிய ஓவியங்களுடன் மீண்டும் வெளியிட்டபோது, அந்த வரம்பை நிறுவனம் தொடவில்லை. டிராகூனும் பழையபடியே முட்டிக்கொண்டு நின்றது.

2019ஆம் ஆண்டு சனவரியில் வழக்கு வேறோர் உருவம் கொண்டது. டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஸ்டார் என்னும் செயற்கை அறிவு, இரண்டாம் ஸ்டார்கிராப்டில் தொழின்முறை ஆட்டக்காரர் இருவரைத் தலைக்கு ஐந்தாகப் பத்து ஆட்டங்களில் வென்ற செய்தி காட்சியுடன் வெளியாயிற்று. உடனே ஆடுவோர் ஆட்சேபித்தனர். மனிதன் திரையில் ஒரு பகுதியை மட்டுமே பார்க்கிறான்; இயந்திரமோ தன் பார்வைக்கு எட்டிய களம் முழுவதையும் ஒருங்கே கண்டது. நெருக்கடி வேளைகளில் எந்த விரலாலும் இயலாத வேகத்தில் கட்டளையிட்டது. இது சூழ்ச்சியின் வெற்றியா, கையின் வெற்றியா என்று கேட்டனர். அன்றே நேரடியாக நடந்த மற்றோர் ஆட்டத்தில், இயந்திரமும் மனிதனைப் போலத் திரையை நகர்த்தியே பார்க்க வேண்டும் என்று வைத்தார்கள். போலந்து நாட்டு ஆட்டக்காரரான மானா, ஒரு சுமைக்கலத்தில் சில வீரரை ஏற்றி அதன் தளத்தின் பின்புறத்தில் இறக்கினார். படை திரும்பி வந்ததும் ஏற்றிக்கொண்டு அகன்றார். அது போனதும் மீண்டும் இறக்கினார். இயந்திரத்தின் படை முன்னும் பின்னும் அலைந்து காலத்தை இழந்தது. அந்த ஆட்டத்தில் மானா வென்றார்.