தமிழகத் துறைமுகங்களின் பயணிகள் கப்பல்கள்: வசதிகள் ஓர் ஒப்பீடு

பயணிகள் கப்பல் என்பது சரக்கைவிட ஆட்களை ஏற்றிச் செல்வதை முதன்மை நோக்கமாகக் கொண்ட கப்பல் ஆகும். தமிழகத் துறைமுகங்களான சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி, தனுஷ்கோடி ஆகியவற்றிலிருந்து இலங்கை, மலாயா, அந்தமான் ஆகிய இடங்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இத்தகைய கப்பல்கள் சென்று வந்துள்ளன. அண்மைக் காலத்தில் சுற்றுலாவுக்கென்றே இயங்கும் உல்லாசக் கப்பல்களும் சென்னையிலிருந்து புறப்படுகின்றன. படுக்கை, உணவு, குளியல், காற்றோட்டம், கட்டணம் முதலிய அன்றாட வசதிகளில் இவை எவ்வாறு வேறுபட்டன, வேறுபடுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாறு

சுதேசிக் கப்பலும் கட்டணப் போட்டியும்

தூத்துக்குடி - கொழும்பு வழித்தடத்தில் பிரித்தானிய இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி தனியுரிமை போல நடத்திவந்த போக்குவரத்தை எதிர்த்து, வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906ஆம் ஆண்டு சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவராக இருந்தார். 1907ஆம் ஆண்டில் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன.

ஒரே வழித்தடத்தில் இரண்டு கம்பெனிகளை ஒப்பிட்டுப் பயணி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை இதனால் உருவானது. பிரித்தானியக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்குக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. அதன்பின் பிரித்தானியக் கம்பெனி இலவசப் பயணத்துடன் குடையும் தர முன்வந்தது என்பது வ.உ.சி. வரலாற்றில் பரவலாகக் கூறப்படும் செய்தி. 1908ஆம் ஆண்டு வ.உ.சி. கைதானார், 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. போட்டி மறைந்ததும் மலிவுக் கட்டணத்துக்கான காரணமும் மறைந்தது. கட்டணத்தை மட்டும் பார்த்துக் கப்பலைத் தேர்ந்தெடுப்பதன் விளைவுக்கு இது ஒரு பழைய பாடம்.

போட் மெயில்

1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு இரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பலும், தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு மீண்டும் இரயிலும் இணைந்த பயணம் நடைபெற்றது. ஒரே பயணச்சீட்டு போதும். மக்கள் இதைப் 'போட் மெயில்' என்றனர். கடல்வழி ஏறத்தாழ 35 கிலோமீட்டர் மட்டுமே என்பதால் இக்கப்பல்களில் படுக்கை தேவைப்படவில்லை. உட்கார இடம், வெயில் மறைப்பு, குடிநீர் ஆகியவையே வசதி. 1964ஆம் ஆண்டு டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடந்த சேவையும் இலங்கையில் இனக்கலவரம் மூண்ட 1980களில் நின்றது.

ராஜுலா

மூத்த தலைமுறையினர் 'கப்பல்' என்றதும் நினைவுகூரும் பெயர் ராஜுலா. 1926ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் கட்டப்பட்ட இக்கப்பல், சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் அருகேயுள்ள போர்ட் சுவெட்டன்ஹாம் வழியாகச் சிங்கப்பூருக்குச் சென்றது. 1973 வரை, இடையில் போர்க்காலம் நீங்கலாக, இதே வழித்தடத்தில் ஓடியது. இதன் உடன்பிறப்புக் கப்பலான ரோனா 1943ஆம் ஆண்டு நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஜெர்மன் விமானத் தாக்குதலில் மூழ்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

ராஜுலாவில் முதல், இரண்டாம் வகுப்புகளுக்குச் சில டஜன் கேபின்களே இருந்தன. பெரும்பாலோர் டெக் பயணிகள். தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது; போருக்குப் பின் இந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைக்கப்பட்டது. டெக் பயணிக்குக் கட்டில் கிடையாது. தகரப் பெட்டியையும் பாயையும் வைத்து இடம்பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரப் பயணத்தில் குடும்பம் முழுவதும் அந்தப் பாயிலேயே உண்டு உறங்கியது. சமையற்காரரான பண்டாரிகள் பெரிய அண்டாக்களில் சோறு வடித்தனர்.

நாகப்பட்டினத்தில் ஆழமான துறைமுகம் இல்லாததால் கப்பல் கரையிலிருந்து தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் படகில் சென்று ஏற வேண்டும். மலாயா சென்றதும் டெக் பயணிகள் நோய்த்தடுப்பு முகாமில் தங்க வைக்கப்படுவதும் உண்டு. கேபின் பயணியும் டெக் பயணியும் ஒரே கப்பலில் சென்றாலும் ஒரே பயணத்தைச் செய்யவில்லை என்பதே உண்மை.

சிதம்பரம்

ராஜுலாவுக்குப் பின் இந்தியக் கப்பல் கழகம் 'சிதம்பரம்' என்ற கப்பலை இவ்வழியில் இயக்கியது. 1966இல் பிரான்சில் 'பாஸ்தர்' என்ற பெயரில் கட்டப்பட்ட இது ராஜுலாவைப் போல இரு மடங்கு பெரியது. டெக் பாயின் இடத்தை அடுக்குக் கட்டில்கள் கொண்ட கூடங்கள் பிடித்தன. 1985ஆம் ஆண்டு பிப்ரவரியில் கடலில் ஏற்பட்ட தீ விபத்தில் பலர் உயிரிழந்தனர். அத்துடன் இக்கப்பலின் காலம் முடிந்தது. விமானக் கட்டணம் எட்டும் தொலைவுக்கு வந்துவிட்டதால் சென்னை - சிங்கப்பூர் பயணிகள் கப்பல் சேவை மீண்டும் வேரூன்றவில்லை.

இன்றைய கப்பல்கள்

அந்தமான் கப்பல்கள்

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) அந்தமான் நிர்வாகத்தின் கப்பல்கள் செல்கின்றன. சுவராஜ் தீவு, நான்கௌரி, நிக்கோபார் ஆகியவை இவ்வழியில் ஓடி அறியப்பட்டவை. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க மூன்று நாள் ஆகும். டீலக்ஸ் கேபின், முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, பங்க் எனப் பிரிவுகள் உள்ளன. வகுப்பு இறங்க இறங்க ஓர் அறையில் கட்டில்களின் எண்ணிக்கை கூடும். பங்க் என்பது நூற்றுக்கணக்கானோர் உறங்கும் பெரிய கூடம். இவை தீவு மக்களின் தேவைக்காக ஓடுபவை. எனவே கேளிக்கை மிகக் குறைவு.

நாகப்பட்டினம் - காங்கேசன்துறை

2023ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று 'செரியபாணி' என்ற விரைவுக் கப்பலுடன் இச்சேவை தொடங்கியது. வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டு ஒரு வாரத்திலேயே நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' கப்பலுடன் மீண்டும் தொடங்கியது. ஏறத்தாழ 150 பேர் அமரும் குளிரூட்டப்பட்ட கப்பல். பயணம் சுமார் நான்கு மணி நேரம். வசதியைப் பொறுத்தவரை நல்ல சொகுசுப் பேருந்துக்கு ஒப்பிடலாம்.

உல்லாசக் கப்பல்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் கோர்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பல் சென்னையிலிருந்து தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. 2023இல் சென்னையிலிருந்து இலங்கைத் துறைமுகங்களுக்கும் சென்றது. 1990இல் பிரான்சில் 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் கட்டப்பட்ட இதில் ஏறத்தாழ 800 கேபின்கள், நீச்சல் குளம், நாடக அரங்கு, உணவகங்கள் உள்ளன. ஜன்னலில்லாத உள்ளறை, கடல் தெரியும் அறை, மாடம் உள்ள அறை, பெரிய சூட் அறை எனக் கட்டணம் ஏறும். இங்கே கப்பலே ஊர். போய்ச்சேரும் இடம் இரண்டாம்பட்சம்.

வசதிகளின் ஒப்பீடு

இடம்: கப்பலின் மொத்தக் கொள்ளளவை, அதாவது மொத்த டன்னை, பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்குக் கிடைக்கும் இடம் ஓரளவு தெரியும். ராஜுலா சுமார் 8,500 டன். ஐயாயிரம் பேர் ஏறினால் ஆளுக்கு 1.7. எம்பிரஸ் சுமார் 48,500 டன். அறைக்கு இருவர் எனச் சுமார் 1,600 பேர் என்றால் ஆளுக்கு 30. ஏறத்தாழ பதினெட்டு மடங்கு வேறுபாடு. எந்தக் கப்பலை ஒப்பிடும்போதும் இந்த எளிய வகுத்தல் கணக்கு உதவும்.

ஆட்டம்: கப்பலின் நடுப்பகுதியிலும் கீழ்த்தளத்திலும் ஆட்டம் குறைவு, முன்முனையிலும் மேல்தளத்திலும் அதிகம். ஆகவே விலை உயர்ந்த மேல்தள அறை எல்லோருக்கும் ஏற்றதன்று. பெரிய உல்லாசக் கப்பல்களில் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க நீருக்கடியில் இறக்கை போன்ற அமைப்புகள் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடல் கொந்தளிப்பும் புயலும் மிகுந்தது. தலைசுற்றலுக்கான மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்கியபின் விழுங்குவதைவிட மருத்துவர் ஆலோசனைப்படி முன்னதாக எடுத்துக்கொள்வதே பயன்தரும்.

உணவு: உல்லாசக் கப்பலில் பொது உணவகச் சாப்பாடு கட்டணத்தில் அடங்கும், சைவ உணவும் உண்டு. பானங்களும் சிறப்பு உணவகங்களும் பெரும்பாலும் தனிக்கணக்கு. அந்தமான் கப்பலில் கேன்டீன் சாப்பாடு நேரப்படி வழங்கப்படும். நேரம் தவறினால் சிரமம். தட்டு, டம்ளர், ஊறுகாய், கெடாத சிற்றுண்டி ஆகியவற்றைக் கொண்டுபோவது பழகியவர்களின் வழக்கம். நான்கு மணி நேரக் கப்பலில் ஏறுமுன் இலேசாக உண்பதே நல்லது.

நீரும் கழிப்பறையும்: பழைய கப்பல்களில் நல்ல நீர் தொட்டியில் நிரப்பிச் செல்லப்பட்டதால் அளந்தே கிடைத்தது. இக்கால உல்லாசக் கப்பல்களில் கடல்நீரை நன்னீராக்கும் கருவிகள் உண்டு. ஒவ்வோர் அறைக்கும் தனிக் குளியலறை உண்டு. பங்க் வகுப்பில் பொதுக் கழிப்பறைதான். மூட்டுவலி உள்ள முதியவர்கள் கட்டணத்தைப் பார்க்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்விகள் இரண்டு: கீழ்க்கட்டில் கிடைக்குமா? கழிப்பறை எவ்வளவு தூரம்?

கட்டணம்: விளம்பரத்தில் வரும் தொகை பெரும்பாலும் அறையில் இருவர் தங்கும் கணக்கில் ஒருவருக்கு உரியது. துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், சரக்கு மற்றும் சேவை வரி ஆகியவை கூடும்போது தொகை உயரும். தனியாகச் செல்பவர் ஏறக்குறைய இருவருக்கான கட்டணத்தைச் செலுத்த நேரலாம். மொத்தத் தொகையை இரவுகளின் எண்ணிக்கையால் வகுத்த பிறகே ஒப்பிட வேண்டும்.

மருத்துவமும் ஆவணமும்: பெரிய கப்பல்களில் மருத்துவர் இருப்பார், ஆனால் மருத்துவமனை இருக்காது. தொடர்ந்து மருந்து உண்பவர்கள் இரண்டு நாள் கூடுதலாக எடுத்துச் செல்ல வேண்டும். மருந்தைக் கைப்பையில் வைக்க வேண்டும். பெரிய பெட்டி அறைக்கு வந்துசேரத் தாமதமாகலாம். இலங்கைக்குக் கடவுச்சீட்டும் நுழைவு அனுமதியும் தேவை.

தென்மாவட்டப் பயணிகளுக்கு

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கான்சாபுரம், வத்திராயிருப்புப் பகுதியினருக்கு அருகிலுள்ள பெரிய துறைமுகம் தூத்துக்குடி. 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் அங்கிருந்து கொழும்புக்கு 'ஸ்காட்டியா பிரின்ஸ்' கப்பல் தொடங்கப்பட்டது. போதிய வருவாயின்றி அதே ஆண்டிலேயே நின்றது. எனவே இப்பகுதியினர் அந்தமானுக்கோ உல்லாசப் பயணத்துக்கோ சென்னை செல்ல வேண்டும். பொதிகை விரைவு இரயிலில் இரவு ஏறினால் காலையில் சென்னையை அடையலாம். ஆயினும் கப்பல் புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பே சோதனை முடிந்துவிடும். கப்பல் யாருக்கும் காத்திருக்காது. ஒரு நாள் முன்னதாகச் சென்று தங்குவது பாதுகாப்பானது. திரும்பும் இரயிலுக்கும் ஒரு நாள் இடைவெளி விட வேண்டும். வானிலையால் கப்பல் தாமதமாவது இயல்பு.

தேர்வு

உறவினரைப் பார்க்க யாழ்ப்பாணம் செல்பவருக்கு நாகப்பட்டினம் கப்பல் போதும். குறைந்த செலவில் கடலை அனுபவிக்க விரும்பும், சிரமம் தாங்கும் இளைஞருக்கு அந்தமான் கப்பலின் பங்க் வகுப்பு ஏற்றது. குடும்பமாகச் செல்வோர் கேபின் எடுப்பது நல்லது. பெற்றோரை ஓய்வாக அழைத்துச் செல்ல விரும்புவோருக்கு உல்லாசக் கப்பலின் நடுத்தள அறை பொருந்தும்.

கப்பல்களின் கால அட்டவணையும் கட்டணமும் பருவத்துக்குப் பருவம் மாறுபவை. தூத்துக்குடி - கொழும்பு, சென்னை - சிங்கப்பூர் சேவைகளின் வரலாறு காட்டுவதுபோல, பயணிகள் இல்லாத வழித்தடம் நிலைப்பதில்லை. ஆகவே முன்பதிவுக்குமுன் சேவை அவ்வாண்டில் நடைபெறுகிறதா என்பதையும், கப்பல் ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்கும் விதியையும் உரிய அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.