ஆய்வுகூட விலங்குகளும் ஒவ்வாமை நோயும்

புதிய மருந்தொன்று மனிதருக்கு வழங்கப்படுமுன் பெரும்பாலும் சுண்டெலி, எலி, கினிப்பன்றி, முயல் முதலிய விலங்குகளிற் சோதித்துப் பார்க்கப்படுகின்றது. அவ்விலங்குகளுக்கு உணவும் நீரும் வைத்து, கூடுகளைத் துப்புரவு செய்து, நாள்தோறும் அவற்றைப் பேணும் பணியாளர் பலர் உளர். மருந்தைக் கண்டவரை உலகம் அறியும். கூட்டைக் கழுவியவரை அறிவதில்லை. பிறர் பிணி தீர்க்கும் முயற்சிக்குத் துணைநிற்கும் இவர்களுட் பலர் அத்தொழில் காரணமாகவே பிணியாளராகின்றனர். தும்மலும் கண்ணரிப்புமாகத் தொடங்கும் இந்நோய் சிலரிடத்து நீங்காத தொய்வு நோயாக முடிவதுண்டு. எனினும், இது தடுக்கத்தக்க நோய் என்பதே இங்கு வற்புறுத்தப்படவேண்டிய உண்மையாகும்.

ஒவ்வாமை பற்றிய அறிவு வளர்ந்ததும் விலங்குச் சோதனையின் துணைகொண்டே ஆகும். பிரெஞ்சு அறிஞராகிய சார்ள் றிஷே, போல் போட்டியர் ஆகிய இருவரும் கடல்வாழ் உயிரொன்றின் நஞ்சை நாய்களுக்கு ஏற்றி ஆராய்ந்தனர். முதன்முறை அதனைத் தாங்கி உயிர்பிழைத்த நாய், சில வாரங்களின்பின் அந்நஞ்சு மீண்டும் சிறிதளவு ஏற்றப்பட்டபோது விரைவில் மாண்டது. 1902ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட இவ்வுண்மை அறிஞரைத் திகைக்கவைத்தது. உடலைக் காத்தற்கென அமைந்த ஆற்றலே சிலவேளை உடலுக்குப் பகையாகும் என்பது இதனாற் புலனாயிற்று. றிஷே 1913ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். வியன்னா நகர மருத்துவராகிய கிளெமென்ஸ் வொன் பிர்க்கே 1906ஆம் ஆண்டில் 'அலர்ஜி' என்னும் சொல்லை ஆக்கினார். தமிழில் அதனை ஒவ்வாமை என்கிறோம். இவ்வகை ஒவ்வாமைக்குக் காரணமான 'இம்யூனோகுளோபுலின் ஈ' என்னும் பிறபொருளெதிரி 1960களின் பிற்பகுதியிற் கண்டறியப்பட்டது.

விலங்கின் மயிரே இந்நோய்க்குக் காரணம் எனப் பலர் எண்ணுவர். அது முழு உண்மையன்று. சுண்டெலி, எலி ஆகியவற்றைப் பொறுத்தவரை முதன்மையான காரணம் அவற்றின் சிறுநீரிலுள்ள புரதங்களே. இப்புரதங்கள் ஈரலில் உண்டாகிச் சிறுநீரோடு வெளியேறுகின்றன. பெண் விலங்கினும் ஆண் விலங்கு இவற்றை மிகுதியாக வெளியேற்றும். கூட்டிற் பரப்பிய மரத்தூளிற் படிந்த சிறுநீர் உலர்ந்தபின், கூட்டை அசைக்குந்தோறும் கண்ணுக்குத் தெரியாத நுண்டுகள் எழுந்து வளியில் நெடுநேரம் மிதக்கும். ஆதலின், விலங்கைத் தொட்டறியாத எழுதுவினைஞரும் அக்கட்டடத்தின் வளியைச் சுவாசிப்பதால் நோயுறல் கூடும்.

முதலிற் சில மாதங்களோ ஆண்டுகளோ எக்குறியும் தோன்றாதிருக்கலாம். அக்காலத்தில் உடல் அப்புரதத்தைப் பகையெனக் கருதிப் பிறபொருளெதிரிகளை ஆக்குகின்றது. அவை இழையங்களிலுள்ள சில கலங்களிற் பொருந்தியிருக்கும். அப்புரதம் மீண்டும் உட்புகும்போது அக்கலங்கள் இஸ்ரமின் முதலிய பொருள்களைச் சொரியும். அதன் விளைவாகவே மூக்கு ஒழுகுதல், கண் சிவத்தல், தோல் தடித்தல் என்பன நிகழ்கின்றன. சுவாசக்குழாய்கள் சுருங்கின் தொய்வு உண்டாகும். அரிதாக, விலங்கு கடித்தவிடத்து உடல் முழுவதும் தாக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து நேர்தலும் உண்டு. விலங்குகளைக் கையாள்வோருள் நூற்றுக்கு 33 பேர் வரையில் ஒவ்வாமைக் குறிகளையும், 10 பேர் வரையில் தொய்வுக் குறிகளையும் உடையர் என அமெரிக்க அரசின் தொழிற்சுகாதார நிறுவகம் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட எச்சரிக்கை கூறுகின்றது. பெரும்பாலோரிடத்து நோய் முதல் மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே தோன்றுகின்றது.

பிற பொருள்களுக்கு முன்னரே ஒவ்வாமை உடையோர் இந்நோய்க்கு எளிதில் ஆளாவர். அங்ஙனமாயின் அவர்களை வேலைக்குச் சேர்க்காது விடலாமே எனச் சிலர் வினவலாம். அது முறையன்று. அவர்களுட் பலர் நோயின்றிப் பணியாற்றுகின்றனர். முன்னர் எவ்வித ஒவ்வாமையும் இல்லாதோர் பலர் நோயுறுகின்றனர். ஆளை விலக்குவதினும் மாசை விலக்குவதே அறிவுடைமை.

மருந்தைத் தேடுமுன் நோயின் தோற்றுவாயை ஆராய்தல் வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. இந்நோய்க்கும் அதுவே பொருந்தும். முதலாவதாக, நுண்டுகள் எழாதவாறு செய்தல் வேண்டும். வளியோட்டமும் வடியும் அமைந்த கூடுகளைப் பயன்படுத்துதல், மரத்தூளுக்குப் பதிலாக ஈரம் உறிஞ்சும் விரிப்புகளை இடுதல், உலர்ந்தபடி கூட்டாது ஈரத்துணியால் துடைத்தல், ஆய்வு இடந்தருமாயின் பெண் விலங்குகளைத் தெரிதல் என்பன இவ்வகையின. இரண்டாவதாக, கூடு மாற்றும் வேலையை வளியை உறிஞ்சி வடிக்கும் மேசைகளிற் செய்தல் வேண்டும். கையுறை, மேலங்கி, முகக்கவசம் ஆகியன இவற்றின் பின்னரே வருவன. சாதாரண சத்திரசிகிச்சை முகமூடி இதற்குப் போதாது. முகத்தோடு இறுகப் பொருந்தி நுண்டுகளை வடிக்கும் கவசமே பயன்தரும். முகக்கவசம் ஒன்றைக் கொடுத்துவிட்டாற் கடமை தீர்ந்தது எனக் கருதும் நிர்வாகம் நோயின் வேரை விட்டு இலையைக் கிள்ளுவதாகும்.

வேலையுடையை வீட்டுக்குக் கொண்டுசெல்லலாகாது. ஆய்வுகூட விலங்குகளோடு பணியாற்றுவோரின் பிள்ளைகளிடத்தும் அவ்விலங்குகளுக்கான ஒவ்வாமை மிகுதியாகக் காணப்பட்டதைப் போலந்து நாட்டு ஆய்வாளர் 1999ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தந்தையின் சட்டையில் ஒட்டிய தூசு, விலங்கையே காணாத குழந்தையையும் வருத்தும்.

வேலைக்குச் சேரும்போதும் அதன்பின் ஆண்டுதோறும் பணியாளரை மருத்துவர் பரிசோதித்தல் வேண்டும். வினாக்கொத்து, தோற்சோதனை, இரத்தச் சோதனை, மூச்சளவீடு என்பன இதற்கு உதவும். குறி தோன்றியவுடன் விலங்கோடு நேரும் தொடர்பைக் குறைப்பதே தலையாய சிகிச்சை. இஸ்ரமினைத் தடுக்கும் மருந்துகளும் மூச்சோடு உள்ளிழுக்கும் மருந்துகளும் துணையாவனவேயன்றி, மாசு நிறைந்த அறையில் தொடர்ந்து நிற்பதற்கு உரிமைச்சீட்டு ஆகா. கடுந்தாக்கம் நேரக்கூடியோர் அதிரினலின் ஊசியை உடன்வைத்திருத்தல் வேண்டும். தொய்வு முற்றியபின் வேலையை விட்டு நீங்கினும் சிலருக்கு அது நீங்குவதில்லை.

இவ்வளவு அறியப்பட்டும் நோய் ஏன் நீடிக்கின்றது? தும்மலைச் சொன்னால் தொழில் போய்விடும் என்னும் அச்சமே ஒரு பெருங்காரணம். அவ்வச்சத்தால் மறைப்பவன், எளிதில் தீரும் நிலையைக் கடந்து தீரா நிலையை அடைகின்றான். குறியைச் சொல்பவனுக்கு அதே நிலையத்தில் வேறு பணி உண்டு என்னும் உறுதியை அளித்தல் நிர்வாகத்தின் கடமை. பிரித்தானியாவிலே இந்நோயினால் விளையும் தொய்வு 1982ஆம் ஆண்டு முதல் இழப்பீட்டுக்குரிய தொழில் நோயாக ஏற்கப்பட்டது. அந்நாட்டு நிலையமொன்றிற் பணியாளருக்கு அறிவூட்டி, வேலை விதிகளை ஒழுங்குசெய்தபின் புதிதாக நோயுற்றோர் தொகை குறைந்ததை 1987ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது.

எங்கள் கல்லூரி மாணவருள் மருத்துவம், மிருக வைத்தியம், உயிரியல் என்னும் துறைகளிற் புகுவோர் நாளை இத்தகைய அறைகளில் நிற்கக்கூடும். சிலர் அவற்றை நடத்துவோராகவும் ஆவர். நிற்பவர் தம் முதற்றும்மலை மறையாது கூறுவாராக. நடத்துபவர் அதனைக் குற்றமெனக் கொள்ளாது, அறையின் வளியை ஆராய்வாராக.