மண்ணில் உறங்கும் மருந்து

1943ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், மண்வாழ் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. காசநோயை வென்ற முதல் நுண்ணுயிர்க்கொல்லி அதுவே. நாளடைவில், மண்ணை ஆராய்ந்தோர்க்கு முன்னரே அறிந்த மருந்துகளே மீண்டும் மீண்டும் கிட்டின. நோய்க்கிருமிகளோ அவற்றை எதிர்க்கும் ஆற்றலைப் பெருக்கிக்கொண்டே வந்தன.

மரபணுக்களை ஒன்றொன்றாக அன்றித் தொகுதியாகவே படிக்கும் ஓமிக்ஸ் துறை இங்கே புதுவழி காட்டியது. ஸ்ட்ரெப்டோமைசின் தந்த அதே பேரினத்தைச் சேர்ந்தது ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர். 2002இல் அதன் மரபணுத்தொகுதி வெளியானபோது அறிஞர் வியந்தனர். ஒரு சில வேதிப்பொருள்களையே தரும் என எண்ணிய அவ்வுயிரிடம், அத்தகையவற்றை ஆக்கும் மரபணுக் கூட்டங்கள் இருபதுக்கும் மேல் இருந்தன! பல, ஆய்வுக்கூடத்தில் உறங்கிக் கிடந்தவை. ஏட்டுச்சுவடி ஒன்றில் நான்கு பாடல்களை மட்டும் பதிப்பித்துவிட்டு, எஞ்சிய ஏடுகளைப் புரட்டாமலே கட்டிவைத்ததற்கு இது நிகர் என்பேன்; தமிழாசிரியனுக்கு வேறு உவமை தோன்றவில்லை.

மண்ணுயிர்களுட் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத்தில் வளர்வதே இல்லை. அவற்றை என் செய்வது? ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தின் ஷான் பிரேடி குழுவினர் ஏறத்தாழ 2,000 மண் மாதிரிகளிலிருந்து நேரே டி.என்.ஏ.வைப் பிரித்துப் படித்தனர். வேண்டிய மரபணுக்களை, வளரக்கூடிய வேறொரு நுண்ணுயிரினுள் புகுத்தினர். இவ்வாறு பிறந்த மலாசிடின் 2018இல் அறிவிக்கப்பட்டது. மெதிசிலினுக்கு மசியாத ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியை எலிகளின் தோற்புண்ணில் அது ஒழித்தது. எலியிலிருந்து மனிதரை எட்டும் வழி நெடிது. இடையில் தவறிய மருந்துகளும் பலவாம்.