தோய்ச்சலை அளப்பது எப்படி?

ஏற்காட்டின் மஞ்சக்குட்டை காப்பித் தோட்டங்களில் புழங்கும் அரிவாள் சீக்கிரம் மழுங்காமல் இருக்க வேண்டுமானால், அதைச் செய்யும்போது ஒரு சில நொடிகள் சரியாக அமைய வேண்டும். பழுக்கக் காய்ந்த எஃகைக் கொல்லர் தண்ணீரில் முக்கும் நொடிகள் அவை. அதுதான் தோய்ச்சல். சுமார் 800 டிகிரி செல்சியஸில் இருக்கும் எஃகு சட்டெனக் குளிரும்போது, அதிலுள்ள கார்பன் பிரிய நேரமின்றி உள்ளேயே சிக்கி, மார்டென்சைட் என்ற கடினமான அமைப்பு உருவாகிறது. மெதுவாகக் குளிர்ந்தால் கடினம் வராது. ஒரு பக்கம் முந்தி, மறுபக்கம் பிந்தினால் கோணும், விரிசலும் விடும்.

தண்ணீர் சூட்டை ஒரே வேகத்தில் இழுப்பதில்லை. முதலில் எஃகைச் சுற்றி நீராவிப் படலம் போர்த்திக்கொண்டு சூட்டைத் தடுக்கிறது. நன்கு காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர் முத்து முத்தாய் உருண்டோடுவதும் இதனால்தான். ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃபிராஸ்ட் 1756-இல் இதை விவரித்தார். படலம் உடைந்ததும் தண்ணீர் எஃகைத் தொட்டுக் கொந்தளிக்கிறது. அப்போது சதுர மீட்டருக்குப் பத்து லட்சம் வாட்டுக்கு மேலும் வெப்பம் வெளியேறும். கொதிப்பு அடங்கிய பிறகு குளிர்ச்சி மந்தமாகிவிடும்.

இந்தக் குளிர்ச்சியை அளக்க, 12.5 மில்லிமீட்டர் விட்டமும் 60 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட நிக்கல் கலப்புலோக உருளையைப் பயன்படுத்துகிறார்கள். தோய்ச்சல் எண்ணெய்களைச் சோதிப்பதற்காக ஐஎஸ்ஓ 9950 என்ற சர்வதேசத் தரம் வகுத்த உருளை இது. அதன் நடுவில் தெர்மோகப்பிள் இருக்கும்: இரு வேறு உலோகக் கம்பிகளின் இணைப்பு, சூட்டுக்கேற்ப நுண்ணிய மின்னழுத்தம் தருவது. உருளையை 850 டிகிரிக்குச் சூடாக்கி முக்கி, நொடிக்குப் பலமுறை வெப்பநிலையைப் பதிவு செய்கிறார்கள்.

சிக்கல் இங்கேதான். வெப்பம் வெளியேறுவது மேற்பரப்பில். கருவி இருப்பதோ உள்ளே. மேற்பரப்பிலேயே கம்பியைப் பொருத்தினால் குமிழிகளின் போக்கே மாறிவிடும். எனவே உள்ளே கிடைத்த அளவுகளைக் கொண்டு, மேற்பரப்பில் நடந்ததைப் பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். அளவீட்டில் ஏற்படும் சிறு பிழையும் இதில் பெரிதாகிவிடும். சென்னை ஐஐடியில் டி.எஸ்.பிரசன்ன குமாரும் சூரத்கல் என்ஐடியில் கே.நாராயண் பிரபுவும் இத்துறையில் உழைத்தவர்கள்.

பட்டறைகளுக்கு இந்த ஆய்வு சொல்லும் பாடம் எளியது. தொட்டித் தண்ணீர் சூடேறினால் நீராவிப் படலம் நீடித்து, கடினம் குறையும். நீரைக் கலக்கினாலும் உப்புச் சேர்த்தாலும் படலம் விரைவில் உடையும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், அங்கே தொட்டி சூடேறாமல் பார்ப்பதில் இன்னும் கவனம் தேவை. ஆகவே, தோய்ச்சல் போடும் ஒவ்வொரு பட்டறையிலும் தொட்டிக்கு ஒரு வெப்பமானி வையுங்கள். ஒவ்வொரு முறையும் நீரின் சூட்டைக் குறித்து வையுங்கள்.