சேர்ந்து வாழ்ந்தவளுக்கு பென்ஷன் கிடைக்குமா?

ஆம்பூரில் காலணி கம்பெனியில் ஒருவர் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அவரோடு ஒரு பெண் 10 வருடமாகக் குடும்பம் நடத்துகிறாள். ஆனால் கல்யாணம் நடக்கவில்லை. பிள்ளையும் இல்லை.

திடீரென்று அவர் இறந்து போகிறார். அந்தப் பெண்ணின் கதி என்ன?

வேலூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் தொழில் நடக்கும் எல்லா ஊர்களுக்கும் உள்ள கேள்வி இது.

சட்டம் சொல்வது என்ன?

பி.எப். பிடிக்கும் கம்பெனிகளுக்கான தொழிலாளர் பென்ஷன் திட்டம் 1995-ம் ஆண்டு வந்தது. வேலையில் இருக்கும்போது தொழிலாளி இறந்தால் மனைவிக்கு மாதாமாதம் பென்ஷன் உண்டு. ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே போதும்! குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய் என்று 2014-ல் அரசு நிர்ணயித்தது.

ஆனால், மனைவி என்றால் சட்டப்படி மனைவி. சேர்ந்து வாழ்ந்தவள் அந்தக் கணக்கில் வரமாட்டாள்.

ஒரு வழி உண்டு!

மனைவி, பிள்ளை இல்லாதவர் தமக்குப் பிறகு பென்ஷன் யாருக்கு என்று எழுதிக் கொடுக்கலாம். அவர்தான் 'நாமினி'. விதவைக்குக் கிடைக்கும் அதே தொகை நாமினிக்கும் கிடைக்கும். பிறகு கல்யாணம் ஆனால் அந்தப் பழைய நாமினி செல்லாது.

எழுதாமல் இறந்தால்? அவரை நம்பியிருந்த தகப்பனாருக்குப் போகும். அவருக்குப் பின் தாயாருக்கு. கூட வாழ்ந்தவளுக்கு ஒன்றும் இல்லை!

தொழிலாளி பெண்ணாக இருந்தாலும் இதே விதிதான்.

மாலை மாற்றினாலும் கல்யாணமே

மாலை மட்டும் மாற்றிக்கொண்ட சிலர், "இது கல்யாணம் ஆகுமா?" என்று சந்தேகப்படுகிறார்கள்.

ஆகும்! அண்ணா முதல்-மந்திரியாக இருந்தபோது, 1967-ல் சுயமரியாதைத் திருமணச் சட்டம் நிறைவேறியது. இந்துக்களான மணமக்கள் உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்று, மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும். ஊரைக் கூட்ட வேண்டியதில்லை என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது.

ஆனாலும் அத்தாட்சி வேண்டுமே! எந்த மதத்தினரானாலும் கல்யாணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2009-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது.

கடல் கடந்த வழக்கு

இதே தொல்லை வெளிநாட்டிலும் உண்டு. வட அயர்லாந்தைச் சேர்ந்த டெனிஸ் பிரூஸ்டர் ஒருவருடன் 10 ஆண்டு வாழ்ந்தார். 2009 கிறிஸ்துமசுக்கு முதல் நாள் இருவருக்கும் நிச்சயதார்த்தம். இரண்டே நாளில் அவர் இறந்தார்!

"நாமினி படிவம் இல்லை" என்று டெனிசுக்கு பென்ஷன் மறுக்கப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். கடைசியில் 2017-ல் பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தார்.

ஒரு படிவம் இல்லாததால் 7 ஆண்டு போராட்டம்!

நம் ஊர்ப் பெண்களுக்கு அந்தக் கஷ்டம் ஏன்? வீட்டில் சம்பாதிப்பவரிடம் இன்றே கேளுங்கள்: "நாமினி பெயர் எழுதிக் கொடுத்து விட்டீர்களா?"