ஓடுபாதைக்கு முன்பே விமானம் ஏன் தரையில் மோதுகிறது?

1978 நவம்பர் 15 இரவு, ஜித்தாவிலிருந்து திரும்பிய இந்தோனேசிய ஹாஜிகளின் டிசி-8 விமானம் இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலைய ஓடுபாதையை எட்டுமுன் தென்னந்தோப்பில் விழுந்தது. 183 பேர் மாண்டனர்.

இருளில் எப்படி இறங்குகிறார்கள்? ஓடுபாதையருகிலிருந்து இரண்டு வானொலிக் கற்றைகள் வழிகாட்டும்: ஒன்று இடம் வலத்தை, மற்றொன்று சுமார் 3 பாகைச் சரிவை.

பிறகு ஏன் தவறு? வெளியே எதுவும் தெரியாதபோது, விமானி கருவிகளைப் பார்த்துத் தன் மனத்தில் வரையும் வரைபடத்தை நம்பியே பறக்கிறார். அது பிழையானால், பிழை என்றே அவருக்குத் தோன்றாது. 1974 டிசம்பர் 4 அன்று, விமானிகள் தாம் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்ததால் தாழ இறங்கிய ஹஜ் விமானம் மஸ்கெலியா அருகே ஏழு கன்னியர் மலையில் மோதியதில் 191 பேர் இறந்தனர்.

1978 விபத்தில், விமானிகள் உயரத்தையும் இறங்கும் வேகத்தையும் எல்லாக் கருவிகளிலும் சரிபார்க்கவில்லை என்றது இலங்கை விசாரணை; விமான நிலையக் கருவிகளே பழுது என்றது விமானத்தை இயக்கிய ஐஸ்லாந்துத் தரப்பு.

எது சரியாயினும் காப்பு ஒன்றே: ஒரு கருவியை இன்னொன்றால் சோதிப்பது. எடுத்துக்காட்டாக, அந்த 3 பாகைச் சரிவில் ஓடுபாதையிலிருந்து 5 கடல்மைல் தூரத்தில் உயரம் ஏறத்தாழ 1,500 அடி இருக்க வேண்டும். இல்லையென்றால் தயங்காமல் மேலெழ வேண்டும்.