நீரின் நடமாட்டம் உணர்த்தும் நோய்

பிழைப்பை நாடிப் பாலாநகரில் குடியேறிய நம் குடும்பங்களில், தன் நோவைக் கடைசியில் சொல்பவள் தாய். பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் மருத்துவரிடம் விரைகிறாள். தனக்கென்றால், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள். இவ்வாறு மறைக்கப்படும் நோய்களுள் ஒன்று கருப்பைவாய்ப் புற்றுநோய். நம் நாட்டில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களை அது புதிதாகப் பற்றுகிறது.

அந்நோயை அளந்தறியும் முறையொன்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படக்கருவியைக் கொண்டு, உடலினுள் நீரின் நடமாட்டத்தையும் படமாக்கலாமென 1980-களின் நடுவில் பிரெஞ்சு அறிஞர் டெனி லெ பியான் காட்டினார். நம் தசைகளில் நீரின் நுண்துகள்கள் ஓயாது அலைகின்றன. வெறுந்தெருவில் வீசி நடப்பவர், சந்தை நாளில் அடிமேல் அடி வைக்கிறார் அல்லவா? அதுபோலவே, புற்றணுக்கள் நெருங்கிப் பெருகிய இடத்தில் நீரின் நடை தடைப்படுகிறது. அத்தடையைக் கருவி எண்ணாக்கித் தருகிறது. வீரியம் மிக்க கட்டிகளில் அவ்வெண் பெரும்பாலும் குறைந்தே காணப்படுகிறது. மேம்பட்ட முறைகளோ, நுண்குழாய்களில் ஓடும் குருதியின் அசைவையும் பிரித்துக் காட்ட முயல்கின்றன. இதில் எக்ஸ்-கதிர் இல்லை.

ஆயினும் எண் மட்டும் தீர்ப்பாகாது. சிறு சதைத்துணுக்கை எடுத்துச் சோதித்தே நோயை உறுதி செய்வர். கட்டி எதுவரை பரவியது, அறுவையா கதிர்ச் சிகிச்சையா எனத் துணிவதற்குப் படம் துணைபுரிகிறது. நோயின் நிலையை வகுக்கும் பன்னாட்டு விதிகளும் 2018-இல் இத்தகைய படங்களுக்கு இடமளித்தன.

எனினும் எத்துணை நுட்பமான கருவியும், வராத நோயாளியைக் காணாது! திண்டுக்கல் மாவட்டத்தில், நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனையைப் பயிற்சி பெற்ற செவிலியர் நடத்தினர். சோதனை நடந்த பகுதிகளில் இந்நோயால் நேரும் மரணம் 35 விழுக்காடு குறைந்ததென 2007-இல் அறிவிக்கப்பட்டது. உரிய காலத்தில் வந்த பெண்கள் பிழைத்தனர் என்பதே அதன் பொருள்.

ஆகவே, மாதவிலக்கு நின்றபின் உதிரப்போக்கு, தாம்பத்தியத்துக்குப் பின் உதிரம், நாற்றமுள்ள வெள்ளைப்பாடு ஆகியவற்றுள் எது தோன்றினும் தாய்மார்கள் நாணி மறைத்தல் வேண்டா. முப்பது வயது கடந்தோர் குறியின்றியும் சோதித்துக்கொள்ளல் நன்று. நம் நகரின் ரெட் ஹில்ஸ் பகுதியில் எம்.என்.ஜே. அரசுப் புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. பாலாநகரிலிருந்து மெட்ரோ ரயிலில் லக்டி-கா-பூல் சென்றால் அருகே அடையலாம். தெலுங்கு பேச வராதெனத் தயங்குவோர், மொழியறிந்த அண்டை வீட்டுச் சகோதரியை உடன் அழைத்துச் செல்லலாம். கணவன்மாரே, ஒருநாள் கூலி போனாலும் போகட்டும். நீங்களே துணையாகச் செல்லுங்கள்!